அலையின் தலைமடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும், எண்ணிக்கையில் குறைவென்றாலும் முன்வரிசையில் இருக்கிற அக்காமாருக்கும்,

வணக்கம். தரங்கம்பாடிக்கும் நாகூருக்கும் இடையே ஓர் ஆற்று முகத்துவாரத்தில், சனி ஞாயிறு விடியலில் சர்ஃப் போர்டோடு இறங்குகிற மூத்தவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். உள்ளூரிலேயே பிறந்து அலையில் தேறியவர்களும் உண்டு. கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி என்று பழகிவிட்டு அங்கே கூட்டம் தாங்காமல் தெற்கே இறங்கி வந்தவர்களும் உண்டு. எந்த முகத்துவாரம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த வாரமே பத்து கார் வந்து நிற்கும். அப்புறம் நீங்களும் நானும் சேர்ந்து உட்கார்ந்து புலம்ப வேண்டியதுதான்.

நான் புதியவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைசி வாய்க்கால்கள் போய்ச் சேருகிற பக்கம். வேலை நிமித்தம் நாகையில் குடியிருக்கிறேன். கரைக்கு எட்ட இருக்கிற மணல்திட்டில், நாம் வெளித்திட்டு என்கிறோமே, அங்கே உடைகிற பெரிய அலையைப் பிடிக்கிற அளவுக்கு இன்னும் தேறவில்லை. உள்ளே நுரையில்தான் புரண்டுகொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். "புதுசா கத்துக்கிறவங்க எல்லாம் ஒன்பது மணிக்கு அப்புறம் வாங்க" என்று கொஞ்ச நாளாகக் கரையில் ஒரு சட்டம் ஓடுகிறது. யார் போட்டது, எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது; ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. விடியலில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று இருக்கும்வரைதான் அலை முகம் வழுவழுப்பாக எழும்பி நிற்கும். வெயில் ஏறக் காற்று திரும்பிவிட்டால் கடல் முழுக்க உளறல்தான். ஒன்பது மணிக்கு மேல் வா என்பதும் வராதே என்பதும் ஒன்றுதான் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் செய்தித்தாளில் மறுநாளே பூத்தூவுகிற படம் வரும். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர வாரக்கணக்கில் ஆகும். 2024இல் ஜூலை 28தான் அணையையே திறந்தார்கள்; வாய்க்கால் முடிகிற கடைமடையில் அந்த வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாய்க்கால் தொடங்குகிற தலைமடைக்கு முதலில் தண்ணீர் பாய்வதில் எங்களுக்கு என்றைக்கும் சண்டை கிடையாது. நிலம் அப்படி அமைந்திருக்கிறது. தன் வயல் நிறைந்த பிறகும் மடையைத் திறந்துவிடாமல் இருக்கிறவரோடுதான் சண்டை. அதற்காகத்தான் தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். லஸ்கர், அதாவது பாசனத் துறையின் மடைக்காவலர், சைக்கிளில் வந்து ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போகிறார். இந்த மடலில் நான் கேட்கப்போவதும் அவ்வளவுதான். ஒரு முறை.

அலையிலும் பற்றாக்குறைதான். வைகாசியிலிருந்து புரட்டாசிவரை தெற்குப் பெருங்கடலில் கிளம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வருகிற நீண்ட அலைகளில் பெரும்பங்கை இலங்கை நடுவில் நின்று மறித்துக்கொள்கிறது. ஓரமாக நழுவி வருகிற மிச்சம்தான் நம் கரைக்கு. கோடியக்கரையைச் சுற்றி மேற்கே பாக் நீரிணைப் பக்கம் போய்விட்டால் அதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழுப்புகிற அலை பெரிதுதான். ஆனால் அது சர்ஃபிங்குக்கு ஆகாத முரட்டு அலை, போதாக்குறைக்கு ஆற்று வெள்ளமும் குப்பையும். ஆகவே அண்ணன்மாரே, உலகத்து அலைக் கணக்கில் நீங்களும் கடைமடைக்காரர்கள்தான்.

இதற்கெல்லாம் எதற்கு இவ்வளவு பாடு என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு மணி நேரம் கடலில் கிடந்தால் போர்டின்மேல் நிற்கிற நேரம் மொத்தமாகச் சில நிமிஷம் தேறினால் பெரிது. போட்டிகளில் வீரர்களை அளந்து பார்த்தவர்கள் சொல்வதும் அதுதான்: பாதி நேரம் கையால் துழாவுவதில் போகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி காத்திருப்பதில் போகிறது, அலைமேல் நிற்பது பத்தில் ஒரு பங்குகூட வராது. சினிமாவில் காட்டுகிற சாகசத்துக்காக வருகிறவன் இரண்டாவது வாரமே ஓடிவிடுவான். நின்றுபோகிறவர்கள் வேறு எதற்கோ வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். எங்கள் உள்நாட்டு ஊர்களில் கடல் என்றால் ஆடி அமாவாசைக்குப் பூம்புகாரிலோ வேதாரண்யத்திலோ ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிற இடம். மீனவக் குப்பங்களில் கதையே வேறு. அங்கே கடல் பிழைப்பு. ஆனால் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளையிடம் "கடல் பக்கம் போகாதே" என்று சொல்லாத வீடு இந்தக் கரையில் குறைவு. இன்று நம்மோடு இறங்குகிற பையன்களில் பலர் அப்படி வளர்ந்தவர்கள். அப்பா படகில் போவார், மகன் அலையில் கால் வைக்கக் கூடாது. அந்தப் பிள்ளை போர்டில் படுத்து, எதிரே எழும்புகிற தண்ணீரைப் பார்த்து, பின்வாங்காமல் அதற்குள் மூழ்கி அந்தப் பக்கம் எழுந்திருப்பதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவன் அவன். அவனுக்கு ஒன்பது மணிச் சட்டம் சொல்கிறோம்.

என் காரணம் அவ்வளவு பெரிதில்லை. நாள் முழுக்க அடுத்தவர் கடன் கணக்கைப் பார்க்கிற வேலை எனக்கு. அலை முதுகுக்குப் பின்னால் எழும்பி வருகிற அந்த ஐந்தாறு நொடியில் வட்டியும் அசலும் ஞாபகத்துக்கு வராது. வந்தால் மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறும். உங்களில் பழையவர் ஒருவரிடம் எதற்காக அண்ணே இத்தனை வருஷமாக வருகிறீர்கள் என்று கேட்டேன். "வராத அன்னைக்கு வீட்ல எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுறேன், அவங்களே அனுப்பி வெச்சிடுறாங்க" என்றார். இருவரும் வருவது ஏறக்குறைய ஒரே காரணத்துக்குத்தான்.

இனிமேல் கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு. காரைக்காலில் நர்ஸிங் படிக்கிற பெண் ஒன்று வாடகைக்கு எடுத்த நீல நிற எட்டடி ஃபோம் போர்டோடு இறங்கியிருந்தது. ஆற்றுவாய்க்கு வடக்கே அலை உடையத் தொடங்கியது. அங்கே உங்களில் ஒருவர் எழுந்து நின்று தெற்கே வந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் அவர் பாதையில், அலையின் இன்னும் உடையாத ஓரத்தில், பின்னால் பார்க்காமல் துழாவி எழுந்துவிட்டது. நுரையாக உடையாத பச்சை அலை, வாழ்க்கையில் முதல் தடவை. முகம் முழுக்கச் சிரிப்பு. அவர் போர்டைத் திருப்பி அலைக்குப் பின்னால் குதித்தார். மோதல் இல்லை, ஒரு கீறலும் இல்லை. ஆனால் அடுத்து வந்த வசவு கரைவரை கேட்டது. உள்ளங்கையால் தண்ணீரை அறைந்து, "கரைக்குப் போ, இங்க வராதே" என்றார். சுற்றி இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கரையில் உட்கார்ந்து போர்டைக் காலோடு பிணைக்கிற கயிற்றின் வெல்க்ரோவில் ஒட்டிய மணலை நகத்தால் சுரண்டிக்கொண்டே அந்தப் பெண் கேட்டது: "நான் என்னண்ணா செஞ்சேன்?" மணலில் விரலால் ஒரு கோடு போட்டேன். இது அலை. இந்த இடத்தில் முதலில் உடைகிறது. உடைகிற இடத்துக்கு யார் மிகக் கிட்டே எழுகிறாரோ அலை அவருடையது, மற்றவர் ஒதுங்க வேண்டும், எழுவதற்கு முன் அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "இத முன்னாடியே சொல்லியிருந்தா பாத்திருப்பேனே" என்றது.

யார் சொல்லியிருக்க வேண்டும்? போர்டை வாடகைக்கு விட்டவர் அப்போது வெளித்திட்டில்தான் இருந்தார். இதுதான் எனக்கு ஆறாத இடம். சனிக்கிழமை காசு வாங்கிக்கொண்டு பத்துப் பேரைப் போர்டில் நிற்கவைக்கிறோம், கைதட்டுகிறோம், படம் எடுத்துக் கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அதே பத்துப் பேர் சொந்தமாக வந்தால் "கூட்டம்" என்கிறோம். நிற்கச் சொல்லிக்கொடுத்தவர் ஒதுங்கவும் சொல்லிக்கொடுத்திருந்தால் பாதிச் சண்டை கரையிலேயே தீர்ந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உடைகிற இடத்துக்குக் கிட்டே இருப்பவருக்கே அலை என்ற விதி நல்ல விதி. உயிர் காக்கிற விதி. ஆனால் ஒரு அலையை முடித்துவிட்டு, தோளில் வலு இருக்கிற காரணத்தால் எல்லோரையும் சுற்றித் துழாவி மறுபடியும் அந்த உடைகிற இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்கிறவர் விதியை மீறவில்லை. காலை முழுக்க அவர் ஒருவரே அலை எடுப்பார். கேட்டால் விதியைக் காட்டுவார். மடையின் வாயிலேயே வயல் வாங்கிப் போட்டவர் மாதிரிதான் அவர்.

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் மறைக்கவில்லை. அலை பெரிதாக வந்தால் போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு முங்குகிற புதியவர்கள் இருக்கிறார்கள். எட்டடிப் போர்டும் ஆறடிக் கயிறும் பின்னால் வருகிறவர் முகத்துக்கு நேராக வீசப்படுகிறது. கோபம் வராமல் என்ன செய்யும்? அதைவிட மோசம், விடியலில் மீன் ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்துக்குள் நுழைகிற ஃபைபர் படகுக்கு வழிவிடாமல் போர்டில் மல்லாந்து கிடப்பது. அந்த நீளத் தண்டு எஞ்சினின் விசிறி என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்குத்தான் அந்த நிதானம் வரும். இந்தக் கரை முதலில் மீனவர்களுடையது. நம்முடையது விளையாட்டு, அவர்களுடையது அடுப்பு. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேசி, "படகு வந்தா எல்லாரும் ஒதுங்கிடுவோம்" என்று வாக்குக் கொடுத்து இந்த இடத்தை வாங்கித் தந்தவர்கள் நீங்கள். ஒரு படகு ஒருவன்மேல் ஏறினால் மறுநாள் யாருக்கும் இடமில்லை. இதற்காக எவ்வளவு திட்டினாலும் தகும். இழுப்பில் மாட்டிய சுற்றுலாக்காரர்களை நீங்கள் போர்டில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு யாரும் மாலை போடவில்லை.

ஆனால் ஆபத்துக்காக வருகிற கோபம் வேறு, "இது எங்க இடம்" என்று வருகிற கோபம் வேறு. இரண்டும் ஒரே வசவில்தான் வெளியே வருகின்றன. வாங்குகிறவனுக்கு எது எதற்கென்று பிரித்துத் தெரிவதில்லை.

இந்த இரண்டாவது கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கலிஃபோர்னியாவில் லுனாடா பே என்ற இடம் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அந்த வட்டாரத்து மூத்த சர்ஃபர்கள் வெளியாள் வந்தால் கல்லெறிவார்கள், டயரைக் கிழிப்பார்கள். கரையில் கல்லால் ஒரு கோட்டையே கட்டி வைத்திருந்தார்கள். 2016இல் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வருஷமே கோட்டை இடிக்கப்பட்டது. அலைக்கு வக்கீல் வைக்கிற நிலைமை நமக்கு வேண்டாம். இதெல்லாம் பிறந்த ஹவாயிலேயே நல்ல அலைகள் சிலவற்றைத் தலைவர் குலத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தடைமுறை 1819இல் முடிந்தது. 200 வருஷம் கழித்து நாம் இங்கே அதைப் புதுப்பிக்க வேண்டிய அவசியம் என்ன?

மூத்தவர்கள் என்றால் எப்போதும் சரி என்றும் இல்லை. இன்று நாம் எல்லோரும் காலில் கட்டுகிற கயிறு 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் வந்தபோது, அது கத்துக்குட்டிகளின் கயிறு என்று அன்றைய ஜாம்பவான்கள் கேலி செய்தார்கள். போர்டை விட்டால் நீந்திப் போய் எடு, அதுதான் ஆண்பிள்ளைத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று நம் கரையில் கயிறு இல்லாமல் ஒரு பையன் இறங்கினால் முதலில் கத்துவது நீங்கள்தான்.

எனக்குப் பிடித்த மூத்தவர் ட்யூக் கஹானமோகு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கிய ஹவாய்க்காரர். 1914 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், அங்கேயே கிடைத்த பைன் பலகையில் போர்டு செதுக்கி சிட்னியின் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் அலையேறிக் காட்டினார். காட்டிவிட்டுத் திரும்பிவிடவில்லை. அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைத் தன் போர்டிலேயே முன்னால் நிறுத்தி அலையில் கொண்டுபோனார். அவரைவிட உரிமை கொண்டாடத் தகுதியுள்ளவர் அந்தக் கடலில் யாரும் இருந்திருக்க முடியாது. 1925இல் கலிஃபோர்னியாவில் படகு ஒன்று அலையில் கவிழ்ந்தபோது அதே மனிதர் போர்டில் போய் 8 பேரைக் கரைசேர்த்தார்.

நம் கரையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஒரு காலையில் மூன்று அலை சேர்ந்து வந்தது. முதலாவதை விட்டார், இரண்டாவதையும் விட்டார். மூன்றாவதுக்கு, பக்கத்தில் திணறிக்கொண்டிருந்த பையனின் போர்டு வாலைப் பிடித்து, "இப்ப துழாவு, துழாவு, தலையைத் தூக்கு" என்று சொல்லி ஒரு தள்ளு. பையன் எழுந்தான், நின்றான், கரைவரை போனான். அவர் அந்தக் கணக்கில் ஒரு நல்ல அலையை இழந்தார். பையன் அதற்கு மேல் அவர் எதிரே ஒரு தரம்கூடக் குறுக்கே வந்ததில்லை.

சரி, நான் கேட்பது இதுதான். ஒன்பது மணிச் சட்டத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, ஆற்றுவாய்க்குத் தெற்கே இருக்கிற சின்ன உள்திட்டை விடியலிலிருந்தே கற்றுக்கொள்பவர்களுக்கு விடுங்கள். நீங்கள் எப்படியும் அந்த அலையை மதிப்பதில்லை. உங்களில் ஒருவர் அரைமணி நேரம் முறை போட்டு அங்கே நிற்கட்டும், எங்கள் லஸ்கர் போல. வெளித்திட்டில் கூட்டம் சேர்கிற நாளில், இரண்டு அலை எடுத்தவர் அடுத்ததை விட்டுக்கொடுத்துவிட்டு ஓரமாகச் சுற்றி வரட்டும். ஐந்தாறு பேர் இருக்கிற நாளில் எந்த முறையும் வேண்டாம். காசு வாங்கிப் போர்டு கொடுக்கிறவர், போர்டு மணலை விட்டு நகர்வதற்கு முன் மூன்று விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்: யார் அலை, போர்டை விடாதே, படகு வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்கு.

எங்கள் பக்கமும் கட்டுப்பாடு வையுங்கள். போர்டு இல்லாமல் வெளித்திட்டிலிருந்து கரைக்கு நீந்தி வரத் தெரியாதவர் அங்கே வரவே கூடாது என்று நீங்கள் சொன்னால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். அப்படிப் பார்த்தால் எங்களில் பாதிப் பேர் அடுத்த வருஷம்வரை உள்திட்டில்தான் இருப்போம். இருக்கட்டும். ஒருவன் இரண்டாவது முறையும் பார்க்காமல் குறுக்கே எழுந்தால் கரைக்கு அனுப்புங்கள். முதல் முறை மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஆற்றுவாயில் வெள்ளம் வருகிற நாளில் எங்களைத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள். அந்த விஷயத்தில் உங்கள் பேச்சுக்கு மேல் பேச்சில்லை.

இதை எல்லாம் தண்ணீரில் மிதந்துகொண்டு பேசித் தீர்க்க முடியாது. ஐப்பசி பிறந்துவிட்டால் அடுத்து தை வரைக்கும் யாரும் சேர மாட்டோம், அதற்குள் ஆளாளுக்கு ஒரு கதை கட்டிவிடுவார்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். வலை பின்னும் கூடத்தைப் பஞ்சாயத்தாரிடம் கேட்டு வைக்கிற வேலை என்னுடையது. டீயும் என் கணக்கு. அவர்களில் இரண்டு பேரும் உட்கார்ந்தால் நல்லது, படகு நேரம் நம்மைவிட அவர்களுக்குத்தானே தெரியும். நேரம் மட்டும் காலை ஏழு என்று வைத்துவிடாதீர்கள், நல்ல அலை வீணாகப் போகும். பதினொன்றுக்கு மேல் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
உள்திட்டிலிருந்து ஒரு கடைமடைக்காரன்